பெற்றோர் பணமின்றி ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளநிலைப் பட்டத்தை முடித்துவிட்டு ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்குப் போக விரும்பும், ஆனால் வீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வராது என்று உறுதியாகத் தெரிந்துகொண்ட தமிழ்நாட்டு மாணவர்கள் கடந்த சில ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நானும் அப்படிப் போனவள்தான். கோயம்புத்தூரில் ஒரு பம்பு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும் ஒரு வங்கிக் கடனோடும் போனேன். தொகைகள் அனைத்தும் 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி தரப்பட்டுள்ளன. கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு யூரோவை 100 ரூபாயாக வைத்திருக்கிறேன்.

பெற்றோர் உதவியே இல்லாமல் வெளிநாட்டில் படிக்க உண்மையிலேயே முடியுமா?

முடியும். ஆனால் எதைச் செய்வதற்கு முன்பும் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: பெற்றோரிடம் பணம் இல்லாதது வேறு, பெற்றோரின் கையெழுத்து கிடைக்காதது வேறு. கூலி வேலை செய்யும் தந்தை, மகளின் படிப்புக்காக வங்கிக்கு நான்கு முறை வந்து நின்று கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார். அவரிடம் இல்லாதது பணம் மட்டுமே. இன்னொரு வீட்டில் நிலமும் வீடும் இருக்கும், ஆனால் "முதலில் கல்யாணம்" என்றோ, பிடிக்காத படிப்பு என்றோ, குடும்பச் சண்டை காரணமாகவோ தந்தை எதற்கும் ஒப்ப மாட்டார். அரசு உதவித்தொகைகளும் வங்கிகளும் முதல் வகை வீட்டை ஓரளவுக்குப் புரிந்துகொள்ளும் வகையில் அமைக்கப்பட்டவை. இரண்டாவது வகை வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமே கிடையாது என்று சொல்லும் அளவுக்குத்தான் விதிகள் இருக்கின்றன. நீங்கள் எந்த வகை என்பதைப் பொறுத்தே வழி மாறும்.

பதினெட்டு வயது நிறைந்தவருக்குக் கடவுச்சீட்டுக்கோ, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கோ, ஜெர்மன் மாணவர் விசாவுக்கோ பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை. கையெழுத்துச் சிக்கல் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வரும்.

ஏன் ஜெர்மனி? அமெரிக்காவோ பிரிட்டனோ ஆகாதா?

ஆகாது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தால், பெரும்பாலும் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் சேர்ந்தே வரும். அங்கே பெற்றோர் பணம் ஒரு பொருட்டே அல்ல. முதுநிலைப் படிப்பு என்றால் நிலைமை வேறு; கட்டணமே பல பத்து லட்சம் ரூபாய் ஆகிவிடும். பிரிட்டனில் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாள்கள் தொடர்ந்து உங்கள் கணக்கிலோ, துணைவர், பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கணக்கிலோ இருக்க வேண்டும். மாமாவோ அக்காவோ தம் கணக்கிலிருந்து காட்டினால் ஏற்க மாட்டார்கள்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான மாநிலங்களில் முதுநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே இல்லை. பருவத்துக்கு ஒருமுறை செலுத்தும் பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. அது ஊருக்கு ஊர் மாறி, பெரும்பாலும் 100 முதல் 350 யூரோவுக்குள் அடங்கும். விதிவிலக்குகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க் போன்ற ஊர்களில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் புதிதாகச் சேரும் இம்மாணவர்களிடம் முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. சொந்தக் காலில் நிற்க நினைப்பவர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் எதற்குத்தான் பணம் வேண்டும்? மொத்தம் எவ்வளவு?

வாழ்க்கைச் செலவுக்கு. விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ வீதம், உங்களிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். ரூபாயில் ஏறத்தாழ 11.9 லட்சம். இதற்கு வெளியே சில்லறைச் செலவுகள் உண்டு. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் கட்டாயமாக்கப்பட்ட, நம் பட்டங்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்களில் முதலாவதற்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. ஆங்கிலத் தேர்வு, விமானச் சீட்டு, குளிர்காலத்துக்கான உடை. போய் இறங்கியதும் அறைக்கு முன்பணம் கேட்பார்கள். வாடகையில் மூன்று மாதத் தொகை வரை கேட்க அங்கே சட்டம் அனுமதிக்கிறது. எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டு லட்சம் ரூபாய் வைத்துக்கொண்டால், 14 லட்சம் ரூபாய் என்பது நேர்மையான கணக்கு.

இந்த 14 லட்சத்தைக் கல்விக் கட்டணம் போல யாருக்கோ கொடுத்துவிடப் போவதில்லை. அதில் பெரும்பகுதி நீங்கள் அங்கே உண்பதற்கும் உறங்குவதற்கும் ஆகும் பணம்.

முடக்கக் கணக்கு எப்படிச் செயல்படுகிறது?

விசாவுக்கான அந்த 11,904 யூரோவைப் போட்டுக் காட்டும் கணக்கு இது. மாணவர்கள் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று சொல்லும் இக்கணக்கை எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா போன்ற நிறுவனங்கள் மூலம் இந்தியாவில் இருந்தபடியே தொடங்கலாம். முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ மட்டும் வெளியே வரும். ஆனால் இறங்கிய மறுநாளே அது வந்துவிடாது. முதலில் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், பிறகு நடப்புக் கணக்கு தொடங்க வேண்டும், அதன் பிறகே பணம் அவிழும். முகவரியைப் பதிய வாடகை வீடு வேண்டும், வீட்டுக்கு முன்பணம் வேண்டும். இந்தச் சுழலில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டு, கையில் கொண்டுபோன 400 யூரோவில் ரொட்டியும் தயிரும் மட்டும் சாப்பிட்டு நாள்களைக் கழித்திருக்கிறேன். முதல் மாதத்துக்கென்று தனியாக ஆயிரம் யூரோவாவது கையில் இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது அதனால்தான்.

முடக்கக் கணக்குக்கு மாற்று வழிகளும் உண்டு. போதிய உதவித்தொகை பெற்றவர் அதன் கடிதத்தைக் காட்டலாம். ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர், உறவினராகவோ நண்பராகவோ இருக்கலாம், உங்கள் செலவுக்குத் தாம் பொறுப்பு என்று அங்குள்ள அயல்நாட்டவர் அலுவலகத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலும் போதும். ஆனால் அந்தப் பொறுப்பு அவரை ஐந்து ஆண்டுகளுக்குச் சட்டப்படி கட்டும். அதைச் சொல்லாமல் யாரிடமும் இந்த உதவியைக் கேட்கக் கூடாது.

அந்தத் தொகையைக் கைமாற்றாக வாங்கிக் காட்டிவிட்டு, பிறகு திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கூடாது. சில முகவர்களே இப்படி ஓர் ஏற்பாட்டைச் சொல்லி வட்டிக்குப் பணம் தருகிறார்கள். மாதம் வெளியே வரும் 992 யூரோவையும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நீங்கள் எதைக் கொண்டு வாழ்வீர்கள்? என்னோடு படித்த ஒருவர் ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கட்டுவதற்காக இரவு முழுவதும் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, காலை வகுப்பில் தலையை மேசையில் வைத்துத் தூங்குவார். இரண்டாண்டுப் படிப்பு அவருக்கு நாலரை ஆண்டு ஆனது. கந்துவட்டிப் பணத்தோடு விமானம் ஏறுவதைவிட, இரண்டு ஆண்டு தள்ளிப் போவது எவ்வளவோ மேல்.

வங்கிக் கல்விக் கடன் கிடைக்குமா? சொத்துப் பத்திரம் இல்லையே?

7.5 லட்சம் ரூபாய் என்ற எல்லையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியம் பின்னால் நிற்பதால், வங்கிகள் சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்க வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் பொதுவாக வீட்டுப் பத்திரமோ வைப்புத்தொகையோ பிணையாகக் கேட்பார்கள். மேலும், 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காட்டை மாணவர் தம் பங்காகப் போட வேண்டும் என்பதும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் உள்ள விதி.

ஆகவே நான் பரிந்துரைக்கும் கணக்கு இது: 7.5 லட்சம் கடன், 6.5 லட்சம் சொந்தச் சேமிப்பு. மாதம் 18,000 ரூபாய் ஒதுக்க முடிந்தால் மூன்று ஆண்டில் 6.48 லட்சம் சேர்ந்துவிடும். சென்னையில் அறை எடுத்துத் தங்கி இதைச் செய்வது கடினம் என்பதை அறிவேன். பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் மாதச் சீட்டுக் கட்டிச் சேர்த்தவர்களும் உண்டு. அந்த மூன்று ஆண்டு வேலை வீணாவதில்லை. பணி அனுபவம் கேட்கும் உதவித்தொகைகளுக்கும், பின்னால் அங்கே பகுதிநேர வேலை தேடுவதற்கும் அதுதான் கைகொடுக்கும்.

கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளம் வழியாகப் பல வங்கிகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2024-இல் வந்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டம் வேறு; அது இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. சிறுபான்மையினருக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டத்தை மத்திய அரசு 2022-இல் நிறுத்திவிட்டது. இன்னும் அதைச் சொல்லி ஆசை காட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

கடனுக்குப் பெற்றோர் கையெழுத்துக் கட்டாயமா?

பொதுவாக வங்கிகள் பெற்றோரையோ பாதுகாவலரையோ இணைக் கடன்தாரராகக் கேட்கும், திருமணமானவருக்குத் துணைவர். இதில்தான் பலர் உடைந்துபோகிறார்கள். நான் முதன்முதலில் ஒரு கிளைக்குப் போனபோது எனக்கு 25 வயது. மூன்று ஆண்டுச் சம்பளச் சீட்டு, வருமானவரிப் படிவம், சேர்க்கைக் கடிதம் எல்லாம் கோப்பில் இருந்தன. மேலாளர் அவற்றைத் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் கதவைப் பார்த்துவிட்டு, "அப்பா வரலையாம்மா?" என்று கேட்டார். வர மாட்டார் என்றேன். "அப்ப அவரைக் கூட்டிட்டு வந்துடுங்க, பேசலாம்" என்று கோப்பை என் பக்கம் தள்ளினார்.

பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்ற அவசியமில்லை, ஒருவர் போதும். தந்தை மறுத்தால் தாய் போடலாம். என் அம்மாவுக்குச் சொந்த வருமானம் கிடையாது. மூன்றாவதாகப் போன கிளையில், கடன் 7.5 லட்சத்துக்குள் இருப்பதாலும் திருப்பிச் செலுத்தப் போவது மாணவியின் எதிர்கால வருமானத்திலிருந்து என்பதாலும், அம்மாவின் கையெழுத்தையே ஏற்றுக்கொண்டார்கள். ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலும் ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் தம் பெயரை எழுதினார். ஆகவே ஒரு கிளை மறுத்தால் அடுத்த கிளைக்குப் போங்கள். மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். யாரைக் கையெழுத்திட அழைத்தாலும், பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் அவருடைய சிபில் மதிப்பெண்ணை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டிராக்டர் கடன் ஒன்று நிலுவையில் நின்றதற்காக மகனின் கல்விக் கடன் தடைபட்ட கதையும் எனக்குத் தெரியும்.

பெற்றோர் இருவருமே மறுத்தால், அல்லது இருவருமே இல்லாவிட்டால், சில வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும் வருமானமுள்ள உடன்பிறந்தவரையோ நெருங்கிய உறவினரையோ ஏற்கின்றன; அது அவரவர் கொள்கையைப் பொறுத்தது, வட்டியும் கூடும். இணைக் கடன்தாரரே இல்லாமல் கடன் தரும் புராடிஜி ஃபைனான்ஸ், எம்பவர் ஃபைனான்சிங் போன்ற நிறுவனங்கள் தம் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே தருகின்றன. எம்பவர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உரியது. கட்டணமில்லாத ஜெர்மன் வழிக்கு இவை பெரிதாகப் பயன்படா. வேலையில் இருப்பவருக்குத் தனிநபர் கடன் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும் என்பதால் படிக்கப் போகிறவருக்கு அது பொருந்தாது.

உதவித்தொகைகளுக்குப் பெற்றோரின் வருமானச் சான்றிதழ் கேட்கிறார்களே?

அரசின் உதவித்தொகைகளில் கேட்பார்கள். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர்கள் ஆகியோருக்கு ஆண்டுக்கு 125 இடங்களைத் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கானது. அதற்கும் வருமான வரம்பு உண்டு. 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் பதினொன்றரை பவுண்டு தந்ததால்தான் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போக முடிந்தது. தகுதியுள்ளவர்கள் இத்திட்டங்களுக்குத் தயக்கமின்றி விண்ணப்பியுங்கள். முழுச் செலவையும் தாங்கும் வழிகள் இவைபோல் வேறு அதிகம் இல்லை.

தந்தைக்கு நல்ல வருமானம் இருந்தும் அவர் உதவாதவர்களுக்கு இக்கதவு மூடியிருக்கும். தாசில்தார் தரும் சான்றிதழ் வீட்டில் எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்லுமே தவிர, அதில் உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்லாது. அப்படிப்பட்ட மாணவர்கள், பெற்றோர் வருமானத்தைத் தகுதியாகப் பார்க்காத உதவித்தொகைகளை நாட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளில் உதவித்தொகை பெறுபவருக்குக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் கிடைக்கும். படிப்பும் இரண்டு மூன்று நாடுகளில் நடக்கும். ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட், வளர்ச்சி சார்ந்த குறிப்பிட்ட முதுநிலைப் படிப்புகளுக்கு மாதம் 992 யூரோ தருகிறது. இதற்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும், கடைசியாகப் பெற்ற பட்டம் ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மும்பையில் 1892-இல் தொடங்கிய ஜே.என். டாட்டா அறக்கட்டளை கடன் உதவித்தொகை தருகிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டனில் படித்தது அதன் உதவியோடுதான்.

படித்துக்கொண்டே வேலை பார்த்துச் சமாளித்துவிட முடியாதா?

இரண்டாவது ஆண்டை அப்படிச் சமாளிக்கலாம். முதல் ஆண்டை அதை நம்பித் தொடங்கக் கூடாது.

2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே மாணவ உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 13.90. வாரம் 20 மணி நேரம் 'வெர்க்ஸ்டூடன்ட்' எனப்படும், நிறுவனங்கள் மாணவர்களுக்குத் தரும் பகுதிநேரப் பணியில் சேர்ந்தால், 12.82 யூரோ வீதத்திலேயே மாதம் ஏறத்தாழ 1,110 யூரோ வரும்; ஓய்வூதியப் பங்காக 9.3 விழுக்காடு போக ஆயிரம் யூரோ கைக்குக் கிடைக்கும். முடக்கக் கணக்கிலிருந்து வரும் தொகைக்கு இது சமம்.

ஆனால் அந்த வேலை முதல் பருவத்தில் அமைவது அரிது. ஜெர்மன் மொழி தெரியாதவருக்குக் கிடங்கு, உணவகச் சமையலறை, வீட்டுக்கு உணவு கொண்டுசேர்க்கும் வேலை ஆகியவைதான் முதலில் கிடைக்கும். இந்தியாவில் வேலை பார்க்கும் ஆண்டுகளிலேயே மாலை நேரத்தில் ஜெர்மன் மொழியை நடுத்தர நிலையான பி1 வரை படித்துவிட்டு வருபவருக்கு நிலைமை வேறாக இருக்கும் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

என் முதல் ஆண்டு மாதக் கணக்கேட்டில் இருந்தவை இவை: மாணவர் விடுதி அறை 290 யூரோ, சாப்பாடு 180, கைப்பேசி 10, ஒலிபரப்புக் கட்டணம் 18.36. மருத்துவக் காப்பீடு இப்போது ஏறத்தாழ 140 யூரோ ஆகிறது. நான் இருந்த ஊர் மக்டபுர்க் என்பதால் வாடகை அவ்வளவில் நின்றது. மியூனிக்கிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ இதே கணக்கு ஓடாது. கிழக்கு ஜெர்மனியின் ஹாலே, செம்னிட்ஸ் போன்ற ஊர்களையும் பாருங்கள். ஓராண்டு கழித்து வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கான பணத்தை மறுபடியும் காட்ட வேண்டும். அப்போது பகுதிநேர வேலையின் ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

முகவர் ஒருவர் "உடனே இடம் வாங்கித் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். ஜெர்மனியில் தனியார் பல்கலைக்கழகங்களும் உண்டு; அவற்றில் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவும் அதற்கு மேலும் கட்டணம் ஆகலாம். முகவருக்குத் தரகுத்தொகை கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். டாட் அமைப்பின் தரவுத்தளத்தில் படிப்பு, கட்டணம், கடைசித் தேதி எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன.

படிக்கும்போதே வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

இதைக் கேட்பவர்கள் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. 1914-இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தந்தது. அதில் 50 பவுண்டு ஊரிலிருந்த குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. அவரும் ஒரு பங்கை வீட்டுக்கு விட்டுத்தான் படித்தார். ஆனால் அதைப் புறப்படும் முன்பே ஒரு தொகையாக வரையறுத்துக் கணக்கில் எழுதிவிடுங்கள். முதல் ஆண்டில் அனுப்ப முடியாது என்றால் அதையும் வீட்டில் நேராகச் சொல்லிவிட வேண்டும். முடக்கக் கணக்கிலிருந்து வருவதில் மிச்சம் பிடித்து அனுப்பலாம் என்ற எண்ணம் காப்பீடும் வாடகையும் கட்டிய பிறகு நிற்காது.

படிப்பு முடிந்து உடனே வேலை கிடைக்காவிட்டால் கடன் என்னாகும்?

பட்டம் பெற்றபின் வேலை தேட ஜெர்மனி 18 மாதம் அனுமதி தருகிறது. வங்கித் தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தொடங்கும். ஆக, வேலை கிடைக்காமலே தவணை தொடங்கும் ஆறு மாதம் உங்களுக்கு நேரலாம். 7.5 லட்சத்துக்கு 11 விழுக்காடு வட்டி என்று வைத்தால், படிக்கும் இரண்டு ஆண்டும் அடுத்த ஓராண்டும் சேர்ந்து தனிவட்டியாக ஏறத்தாழ 2.5 லட்சம் ஏறி, 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். பத்து ஆண்டுத் தவணையில் மாதம் 13,700 ரூபாய், அதாவது 137 யூரோ. பகுதிநேர வருமானத்திலேயே கட்டக்கூடிய தொகைதான். படிக்கும் காலத்திலேயே மாத வட்டியை மட்டும், மாதம் 6,875 ரூபாய், கட்டிவர முடிந்தால் கடன் தொகை ஏறவே ஏறாது.

கட்ட முடியாத மாதம் வரப்போகிறது என்று தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்கு எழுதிக் கால நீட்டிப்புக் கேளுங்கள். தவறிய பிறகு எழுதினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணோடு, உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவரின் மதிப்பெண்ணும் இறங்கியிருக்கும்.